நல்ல கிரேடு வாங்கினால் காசு தரலாமா? எல்லைப் பக்கத்துப் பெற்றோரின் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் பிள்ளைகளைத் தமிழ் மீடியத்தில் படிக்க வைக்கும் பெற்றோர் கேட்கிற கேள்விகள் இவை. ஓணப் பரீட்சை பேப்பர் கைக்கு வந்ததும் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டத்தில் ஒரு சுற்று கேட்பார்கள். மே மாதம் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வரும்போது மறுபடியும் கேட்பார்கள். இந்தப் பக்கத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சில பதில்களுக்கு ஆராய்ச்சி துணை நிற்கிறது. மற்றவை நம் வீடுகளைப் பார்த்து நான் எடுத்த முடிவுகள்.

நல்ல கிரேடு வாங்குனா காசு தர்றேன்னு பிள்ளைகிட்டச் சொல்லலாமுங்களா?

வேண்டாம். கிரேடுக்கு விலை வைக்காதீர்கள். காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால், பிள்ளை தானே செய்து முடிக்கக்கூடிய வேலைக்குக் கொடுங்கள். ஒரு கதைப்புத்தகம் படித்து முடித்து அதை வாயால் சொல்வது, பதினாறாம் வாய்ப்பாடு வரை தடங்கலில்லாமல் ஒப்பிப்பது, தவறாகப் போன கணக்குகளைத் திரும்பப் போட்டு நேராக்குவது, இந்த மாதிரி. தொகை சின்னதாக இருக்கட்டும். அன்றைக்கே, தவறினால் அந்த வாரமே கையில் கொடுத்துவிடுங்கள்.

கிரேடு என்பது பிள்ளையின் உழைப்பு மட்டுமா? கேள்வித்தாள் எப்படி வந்தது, பேப்பரைத் திருத்தியவர் யார், பரீட்சைக்கு முந்தின ராத்திரி காய்ச்சல் வந்ததா இல்லையா, எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. இவற்றில் பிள்ளையின் கைக்குள் இருப்பது உழைப்பு ஒன்றுதான். விலை வைப்பதென்றால் அதற்கு வைக்கலாம்.

இதை யாராச்சும் பெரிய அளவுல செஞ்சு பாத்திருக்காங்களா?

பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃபிரையர் அமெரிக்காவின் பெரிய நகரங்களில் நூற்றுக்கணக்கான பள்ளிகளில் செய்து பார்த்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டார். சிகாகோவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிரேடுக்குக் காசு: ஏ வாங்கினால் 50 டாலர், பி என்றால் 35, சி என்றால் 20. ஐந்து வாரத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, பாதியை உடனே கொடுத்தார்கள். மீதிப் பாதி பள்ளிப்படிப்பை முடித்த பிறகு. நியூயார்க்கில் நாலாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் வருடத்தின் இடையில் நடக்கிற தேர்வுகளின் மார்க்குக்குக் காசு. டல்லாஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு புத்தகம் படித்து, அதைப் பற்றிய சின்னத் தேர்வில் தேறினால் 2 டாலர்.

மூன்று ஊர்களையும் தனித்தனியே பார்த்தபோது, மொத்தத்தில் பிள்ளைகளின் பொதுத்தேர்வு மார்க் உயர்ந்ததாகச் சொல்ல முடியவில்லை என்றே அவர் எழுதினார். சிகாகோவில் பிள்ளைகள் ஒழுங்காக வகுப்புக்கு வந்தார்கள், வகுப்புக் கிரேடும் கொஞ்சம் ஏறியது. ஆனால் அவர்களுக்குப் பாடம் கூடுதலாகத் தெரிந்திருக்கிறதா என்று வெளித்தேர்வு வைத்துப் பார்த்தால், இல்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இன்னொரு விஷயம். நியூயார்க்கில் அந்தப் பிள்ளைகளிடம், ‘இன்னும் கொஞ்சம் காசு வாங்க என்ன செய்வாய்?’ என்று கேட்டிருக்கிறார்கள். கேள்வியை நன்றாகப் படிப்பேன், எழுதியதைத் திருப்பிப் பார்ப்பேன் என்று பரீட்சை ஹாலுக்குள் செய்கிற வேலைகளைச் சொன்னார்களாம். பாடப்புத்தகத்தை எடுத்து வைத்துப் படிப்பேன், தெரியாததை டீச்சரிடம் கேட்பேன் என்ற பேச்சு அவர்கள் வாயில் வரவில்லை. ஆசை இருந்தது, வழி தெரியவில்லை. நம் பிள்ளைகளும் அப்படித்தான். 1000 ரூபாய் தருகிறேன் என்றால் கண் விரியும். ஆனால் பின்னக் கணக்கு ஏன் தப்பாகிறது என்று அந்த 1000 ரூபாய் அவனுக்குச் சொல்லிக் கொடுக்காது.

அப்போ புத்தகம் படிக்கறதுக்குக் காசு குடுத்தா பலன் உண்டுங்களா?

மூன்று நகரங்களில் கொஞ்சமாவது நம்பிக்கை தந்தது டல்லாஸ்தான். ஆங்கிலத்தில் தேர்வு எழுதிய பிள்ளைகளின் வாசிப்புத் திறன் கூடியது. ஸ்பானிஷ் மொழியில் தேர்வு எழுதிய பிள்ளைகளுக்கோ குறைந்தது. அங்கே படிக்கக் கிடைத்த புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்கள். காசு ஆங்கிலத்தின் பக்கம் இழுத்தது, வீட்டுமொழி பின்னால் போனது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நம் பக்கத்துப் பெற்றோர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறான், பஸ்ஸில் மலையாளம் கேட்கிறான், இங்கிலீஷுக்கு டியூஷன் போகிறான். எந்த மொழிக்குப் பரிசு வைக்கிறோமோ அந்த மொழிதான் பெரியது என்று அவன் முடிவு கட்டிவிடுவான். படிப்பதற்குக் காசு வைத்தால் தமிழ்ப் புத்தகத்துக்கும் மலையாளப் புத்தகத்துக்கும் இங்கிலீஷ் புத்தகத்துக்கும் ஒரே தொகை வையுங்கள். கிராமத்து வாசகசாலையில் தமிழ்ப் புத்தகம் இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

காசு குடுத்துப் பழக்குனா இருக்கற ஆசையும் போயிருமுன்னு சொல்றாங்களே?

அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டில் நர்சரிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். எல்லோரும் படம் வரைவதில் ஆசை உள்ள பிள்ளைகள். ஒரு பகுதிப் பிள்ளைகளிடம், வரைந்தால் தங்க முத்திரை போட்ட சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை விடக் குறைவாகவே வரைந்தார்கள். முன்னால் சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு அந்தக் குறைவு வரவில்லை.

ஆகவே தானாக ஆசைப்பட்டுச் செய்கிற காரியத்துக்கு விலை பேசாதீர்கள். உங்கள் மகள் சாயங்காலம் தானே உட்கார்ந்து கதை எழுதினாள் என்றால் அங்கே காசைக் கொண்டு போகாதீர்கள். வாய்ப்பாடு அப்படியல்ல, அதை ஆசைப்பட்டு ஒப்பிக்கிற பிள்ளை அபூர்வம். ஆசை இல்லாத இடத்தில் கெட்டுப்போக ஆசை ஏது? அங்கே 10 ரூபாய் ஒரு தள்ளு கொடுக்கும் என்றால் கொடுக்கலாம்.

‘ஃபுல் ஏ பிளஸ்’ வாங்குனா போன், பைக்குன்னு வாக்குக் குடுத்துட்டோமே?

முதலில் பைக். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு பைக் ஓட்ட லைசென்ஸ் கிடையாது. கியர் உள்ள வண்டிக்கு 18 வயது முடிய வேண்டும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை ஜெயிலும் உண்டு. பொள்ளாச்சி ரோட்டில் லாரிகள் போகிற வேகம் நமக்குத் தெரியாததல்ல. இந்த வாக்கை இன்றைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

போன் என்று சொல்லியிருந்தால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். அப்பா அம்மா சொன்னால் செய்வார்கள் என்ற நம்பிக்கை பத்து ஏ பிளஸ்ஸை விடப் பெரியது. இனிமேல் மட்டும் இப்படி வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஏன் என்றால், கேரளத்துக் கிரேடு ஒரு படிக்கட்டு. 90க்கு மேல் ஏ பிளஸ், 80க்கு மேல் ஏ, 70க்கு மேல் பி பிளஸ் என்று போய் 30இல் டி பிளஸ், அதுதான் மேல்படிப்புக்குக் குறைந்த எல்லை. 89 வாங்கிய பிள்ளைக்கும் 80 வாங்கிய பிள்ளைக்கும் ஒரே ஏ. பத்துப் பாடத்தில் ஒன்பதில் ஏ பிளஸ், கெமிஸ்ட்ரியில் மட்டும் ஏ என்றால் ‘ஃபுல்’ போயிற்று, போனும் போயிற்று. ஒரு மார்க்குக்காக அந்தப் பிள்ளை தோற்றவளாகிவிடுகிறாள். மே மாதத்தில் நாற்சந்தியின் எல்லாப் பக்கமும் ஃபிளெக்ஸ் போர்டுகள் நிற்கிற ஊரில் அந்தப் பிள்ளை எப்படி வெளியே நடப்பாள்? டி பிளஸ்ஸிலிருந்து சி பிளஸ்ஸுக்கு ஏறிய பையனை யாரும் போர்டில் போடுவதில்லை. அவன் ஏறிய தூரம்தான் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தமிழ்நாட்டுல இருக்கற எங்க மச்சினர் பையன் 500க்கு 470. இவனுக்கு எட்டு ஏ பிளஸ். யாரு பெரிசு?

ஒப்பிடாதீர்கள். இரண்டு வேறு பாடத்திட்டம், இரண்டு வேறு அளவுகோல். கேரளத்தில் எழுத்துத் தேர்வோடு வகுப்பறை மதிப்பீட்டு மார்க்கும் சேர்ந்துதான் கிரேடு வருகிறது. பொங்கலுக்கு எல்லோரும் கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சை யாராவது எடுத்தால், மாற்றிவிடுங்கள்.

ஒருத்தி நல்லாப் படிக்கறா, ஒருத்தனுக்கு வரமாட்டேங்குது. ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கா வைக்கலாமா?

இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். கிரேடுக்குக் காசு என்று ஒரு வீட்டில் ஆரம்பித்தால், காசு எப்போதும் ஒரே பிள்ளையின் கைக்குப் போகும். அது போகிற ஒவ்வொரு முறையும் இன்னொரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். மூன்றாவது தடவையில் அது முயற்சி செய்வதை நிறுத்திவிடும். முயன்று கிடைக்காமல் போவதை விட முயலாமலே விட்டுவிடுவது குறைந்த அவமானம் என்று பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிடுகிறது. பெற்றோர் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அவரவர் இருக்கிற இடத்திலிருந்து அவரவர் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். அவள் ஒரு மலையாளக் கதைப்புத்தகம் படித்து முடிக்கட்டும். அவன் ஒரு பக்கம் தமிழ் தட்டுத்தடுமாறாமல் வாய்விட்டுப் படிக்கட்டும். இருவருக்கும் ஒரே தொகை. ‘எனக்குக் கஷ்டமானது, அவனுக்குச் சுலபமானது’ என்று அவள் சண்டை போடுவாள். ‘உனக்கு இது எவ்வளவு கஷ்டமோ அவனுக்கு அது அவ்வளவு கஷ்டம்’ என்று அவளிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். புரிந்துகொள்வாள்.

இன்னொன்றையும் மனம் நொந்தே எழுதுகிறேன். நம் வீடுகளில் பையனுக்குத்தான் போன், பைக், ஷூ என்று வாக்குகள் போகின்றன. பொண்ணு எப்படியும் படித்துக்கொள்வாள் என்று விட்டுவிடுகிறோம். அவள் சமையலில் கை கொடுத்து, தம்பியைப் பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் படித்து ஏ வாங்குகிறாள், வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. காசு கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம், இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மகளுக்குப் படிக்க ஒரு மணி நேரத்தை வீட்டு வேலையிலிருந்து விடுவித்துக் கொடுத்தால், எந்தப் பரிசுத்தொகையை விடவும் அது அவளுக்கு உதவும்.

அமுச்சியும் அப்புச்சியும் ரிசல்ட்டு பாத்துட்டு 500 ரூபாய் குடுக்கறாங்க. வாங்க வேண்டாமுன்னு சொல்லறதா?

சொல்லாதீர்கள். முன்கூட்டிப் பேசாமல், சந்தோஷத்தில் கொடுக்கிற காசு அது. பேரன் பேத்தி எல்லோருக்கும் ஏதாவது கொடுக்கச் சொல்லிக் காதில் போட்டு வையுங்கள், போதும்.

விஷு கைநீட்டத்தை மட்டும் மார்க்கோடு முடிச்சுப் போடாதீர்கள். மார்ச் பரீட்சை முடிந்து, ரிசல்ட் வருவதற்கு முன்னால் சித்திரை பிறக்கிற அந்தக் காலையில் பெரியவர்கள் பிள்ளையின் கையில் வைக்கிற காசு, பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக வைக்கிறது. ‘ஒழுங்காப் படிச்சிருந்தா 100 ரூபாய் தந்திருப்பேன்’ என்று அந்த நேரத்தில் சொல்கிற மாமாக்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லாதீர்கள், மாமா.

கிரேடு குறைஞ்சா குடுத்த காசைப் பிடிச்சுக்கலாமுங்களா?

சிகாகோ பக்கம் லெவிட், லிஸ்ட் முதலிய பொருளாதார அறிஞர்கள் பரீட்சைக்கு முன்னாலேயே பரிசைப் பிள்ளையின் மேசையில் வைத்து, மார்க் கூடவில்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று செய்து பார்த்தார்கள். அந்த ஒரு பரீட்சையில் பிள்ளைகள் முனைந்து எழுதினார்கள். ஒரு மாதம் கழித்துத் தருகிறோம் என்ற பரிசு எந்த வேலையும் செய்யவில்லை. உடனே கொடுங்கள் என்று நான் முதலில் சொன்னது இதனால்தான்.

பிடுங்குவதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஆராய்ச்சி செய்தவர்கள் பரீட்சை முடிந்ததும் போய்விட்டார்கள். நீங்கள் ராத்திரி அந்தப் பிள்ளைக்குச் சோறு போட வேண்டியவர்கள். பஸ் காசு, நோட்டு, சாப்பாடு, டூருக்குப் போகிற காசு, இவற்றை எந்தக் காரணத்துக்காகவும் மார்க்கோடு சேர்த்துப் பேசவே கூடாது.

நாங்க கூலிக்குப் போறவங்க. குடுக்கக் காசே இல்லைங்களே?

உங்கள் பிள்ளை எதையும் இழக்கவில்லை. அதற்குப் பதில், வெளியிலிருந்து நியாயமாகக் கிடைக்கிற பணத்தை விடாமல் வாங்கிக் கொடுங்கள். நாலாம் வகுப்பில் எல்.எஸ்.எஸ்., ஏழாம் வகுப்பில் யு.எஸ்.எஸ். என்று நாம் சொல்லிப் பழகிய உதவித்தொகைத் தேர்வுகள் இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசுத் தேர்வு. அரசு, எய்டட் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம், குடும்ப வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை வருடம் 12,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். வருடா வருடம் புதுப்பிக்க மறக்கக் கூடாது. வருமானச் சான்றிதழுக்கு வில்லேஜ் ஆபீஸில் கடைசி நாளில் போய் நிற்காமல் முன்னாலேயே விண்ணப்பித்து வையுங்கள்.

அந்தப் பணத்தை வீட்டுச் செலவுக்கு எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். நெருக்கடி என்றால் என்ன செய்வது, எடுப்பீர்கள். பிள்ளையிடம் சொல்லிவிட்டு எடுங்கள். ‘உன் காசுலதான் இந்த மாசம் அரிசி வாங்கினோம்’ என்று தெரிந்த பிள்ளைக்கு நிமிர்ந்த முதுகு வரும். சொல்லாமல் எடுத்தால் அடுத்த தேர்வுக்கு உட்காராது.

கவர்மெண்டே காசு குடுத்துப் படிக்க வைக்குதே, நாங்க குடுத்தா மட்டும் தப்பா?

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024இல் பையன்களுக்குத் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் தருகின்றன. அது கல்லூரியில் தொடர்ந்து படிப்பதற்கு. முதல் மார்க் வாங்குவதற்கு அல்ல. (6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியத்திலோ படித்தவர்களுக்குத்தான் என்பதால் கேரளப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.)

மார்க்குக்குப் பணம் கொடுத்துப் பலன் கண்ட இடமும் உண்டு. கென்யாவின் மேற்குப் பகுதியில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளில் மேல் 15 சதவீதத்துக்கு இரண்டு வருடப் பள்ளிக் கட்டணமும் புத்தகச் செலவும் கொடுத்தார்கள். கிரெமர், மிகெல், தார்ன்டன் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வுப்படி, வெல்ல வாய்ப்பே குறைவான பிள்ளைகளின் மார்க் கூட உயர்ந்தது, ஆசிரியர்களும் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தார்கள். ஊரே சேர்ந்து முனைந்தது. அப்பா ஒருவர் வீட்டுக்குள் 500 ரூபாய் வைத்தால் அது நடக்காது.

ஏற்கனவே குடுத்துப் பழக்கிட்டோம். எப்படி நிறுத்தறது?

பரீட்சை நடுவில் நிறுத்தாதீர்கள். வரப்போகிற ரிசல்ட்டுக்குச் சொன்னதைக் கொடுத்துவிட்டு, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது உட்கார வைத்துப் பேசுங்கள். ‘இந்த வருசத்துலயிருந்து கிரேடுக்குக் காசு இல்லை கண்ணு, நீ தினமும் செய்யற வேலைக்கு வாராவாரம் தர்றேன்’ என்று நேராகச் சொல்லலாம். சில வாரம் முறுக்கிக்கொள்ளும். அந்த வாரக் காசையும் ஒரு டேர்முக்கு மேல் ஓட்டாதீர்கள். பழக்கம் ஒட்டிவிட்டால் மெல்லக் குறைத்துவிடலாம்.

எங்களுக்கே படிப்பு வராது. காசும் குடுக்காம வேற என்னங்க செய்யறது?

பிள்ளையை உங்களுக்குப் பாடம் சொல்லித்தரச் சொல்லுங்கள். அன்றைக்கு நடந்த சயின்ஸ் பாடத்தை அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால் அவளுக்குப் பாடம் தெரியும். பாதியில் திக்கினால், எங்கே திக்கினாள் என்று அவளுக்கே தெரிந்துவிடும். அந்த இடத்தில் புத்தகத்தில் ஒரு பென்சில் கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு எழுத்தும் படிக்க வேண்டியதில்லை. கேரளத்தில் பாடநூல்களைத் தயாரிக்கிற அரசு அமைப்பான எஸ்.சி.இ.ஆர்.டி. தமிழ் மீடியப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருப்பதால், புத்தகம் தொலைந்தது, கிழிந்தது என்ற பேச்சுக்கும் இடமில்லை.

அடுத்த பி.டி.ஏ. கூட்டத்துக்கு அந்தக் கோடு போட்ட புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். ‘எம் பொண்ணு எத்தனை மார்க்கு?’ என்று கேட்காமல், ‘இந்த எடத்துல நிக்கறாளுங்க, நீங்க ஒருக்கா பாருங்க’ என்று டீச்சரிடம் காட்டுங்கள்.